அப்பாவின் ஆட்டைத் திவசத்தில் மகன் தேவாரம் பாட மறுக்கிறான்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

என் அண்ணாவைப் பற்றி முறைப்பாடு சொல்ல இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நல்லவர். கனடாவில் இருந்துகொண்டு அப்பாவின் மருந்துச் செலவுக்கு மாதம் தவறாமல் அனுப்பியவர். ஆனால் அப்பாவின் ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம், அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்கு வெளியிட என்று அண்ணா எழுதி அனுப்பிய நினைவு மலரைப் படித்த நாளில் இருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் தொடர்மாடியில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை. ஒரே மகன், 16 வயது, இந்த வருடம் ஓ.எல் பரீட்சை. அப்பா கடைசி மூன்று வருடமும் எங்களோடுதான் இருந்தார். அதாவது என்னோடு. குளிப்பாட்டியது, பம்பர்ஸ் மாற்றியது, கஞ்சி பருக்கியது எல்லாம் நான்.

அப்பா கணித ஆசிரியர். பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, முதல் நியமனம் ஹட்டன் பக்கம், பிறகு கொழும்பு. 83 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தபோது எனக்கு ஐந்து வயது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் ஒரு மூலையில் கூட்டி இருத்தி, செங்கல் துண்டால் நிலத்தில் எழுதி அப்பா வாய்பாடு சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அடுத்த வருடமே அப்பா கொழும்புக்குத் திரும்பினார். அம்மா அழுது மறித்தார். “அங்கை பிள்ளையள் இன்னும் இருக்குதுகள்தானே” என்று மட்டும் சொன்னாராம்.

விடியக் காலை நாலரைக்கு எழும்பி, குளித்து, திருநீறு பூசி, தேவாரம் படித்த பிறகுதான் தேத்தண்ணி. வெள்ளிக்கிழமை மயூராபதி அம்மன் கோவில். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஆனால் அடுத்தவர் நோன்பையும் அதே மாதிரி மதிப்பார். நோன்பு காலத்தில் முஸ்லிம் பிள்ளைகள் பின்னேர வகுப்புக்கு வந்தால் நோன்பு திறக்க மேசை லாச்சிக்குள் பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருப்பார். காசு தர வசதியில்லாத பிள்ளையிடம் கேட்டதே இல்லை. எங்கள் ஹோலில் இப்போதும் அவருடைய கரும்பலகை நிற்கிறது. கடைசி மாதங்களில் எழும்ப முடியாமல் படுத்திருந்தபோதும் சுட்டுவிரலால் போர்வையில் கணக்குப் போடுவார், போட்டுவிட்டு உள்ளங்கையால் அழிப்பார்.

இதில் ஒன்றுகூட அந்த நினைவு மலரில் இல்லை. எந்த வருடம் எந்தத் தரத்துக்குப் பதவி உயர்வு, எந்த ஆலய பரிபாலன சபையில் என்ன பொறுப்பு, யார் யார் அவரிடம் படித்து டொக்டர், என்ஜினியர் ஆனார்கள், இதுதான் நாலு பக்கம். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, “மகளின் பராமரிப்பில் இறுதிக்காலத்தை அமைதியாகக் கழித்தார்”. பெயர்கூட இல்லை. எனக்குப் பெயர் தேவையில்லை அம்மா, ஆனால் மூன்று வருடம் ஒரு வரிதானா?

மாணவர்களும் அப்படித்தான். ரொறன்ரோ, சிட்னி என்று எங்கெங்கோ இருந்து எடுத்து “சேர் எங்களுக்கு அப்பா மாதிரி” என்று அழுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்களுக்கு ஒரு சனிக்கிழமையும் அப்பா முழுதாகக் கிடைத்ததில்லை என்று இவர்களுக்குத் தெரியுமா? லண்டனில் இருக்கும் தங்கச்சி, ஆட்டைத் திவசத்தை ஹோல் எடுத்துப் பெரிதாகச் செய்யவேண்டும் என்று நிற்கிறாள். கரும்பலகையை ஏதாவது பாடசாலைக்குக் கொடுக்கச் சொல்கிறார் அண்ணா. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கரும்பலகை பெரிய விஷயம் இல்லை, ஆனால் கேட்டிருக்கலாம்.

இதற்குள் மகன் வேறு. மலர் வெளியீட்டில் பேரன்தான் தேவாரம் பாடவேண்டும் என்று அண்ணா சொல்லிவிட்டார். இவன் சின்ன வயதில் இருந்து அம்மப்பாவிடம் பண்ணோடு பாடம் ஆக்கியவன், விவேகானந்த சபையின் சைவசமயப் பரீட்சையில் பரிசும் எடுத்தவன் (நானும் அந்த வயதில் எடுத்தேன், அப்பாதான் எனக்கும் சொல்லித் தந்தார்). இப்போது “என்னைக் கேக்காதேங்கோ அம்மா, நான் பாடமாட்டன்” என்கிறான். அப்பா போனதில் இருந்து ஒரு தேவாரம் வாயில் இருந்து வரவில்லை. சாமி அறைக்குள்ளும் வருவதில்லை. எந்நேரமும் காதில் இயர்போன், சாப்பிடும்போதும் படுக்கும்போதும்கூட. கூப்பிட்டால் கேட்காது. தங்கச்சியின் கணவர் வந்து நின்றபோது அவர் குறட்டை விடுகிறார் என்று இவன் நடுச்சாமத்தில் எழும்பி மொட்டை மாடிக்குப் போய் விடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறான். வந்த விருந்தாளிக்கு முன்னால் எனக்கு எவ்வளவு வெட்கம். எவ்வளவு பாசமாக வளர்த்தார் அப்பா இவனை. (அப்பா போன நேரம் பக்கத்தில் இருந்ததும் இவன்தான். நான் காலி வீதியில் பாமஸிக்குப் போயிருந்தேன். வந்து கதவைத் திறந்தபோது இவன் கட்டிலருகே “மாசில் வீணையும்” பாடிக்கொண்டிருந்தான், அப்பா போய்விட்டார் என்று அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.) அப்படிப்பட்டவன் இப்போது ஒரு தேவாரத்துக்கு மறுக்கிறான் என்றால் என்ன நன்றி? “அம்மப்பா மேல இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், உன்னை நினைச்சு வெட்கப்படுவார்” என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதும் குறைவு.

அப்பா பிள்ளைகளின் கணக்குத் தாளில் சிவப்பால் பிழை போடவே மாட்டார். தவறிய படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைப்பார். “பிழை போட்டா பிள்ளை தாளை மடிச்சு வைச்சிடும். புள்ளி வைச்சா எங்கை பிழைச்சதெண்டு தானே தேடும்” என்பார். அப்படி ஒரு மனிதரைப் பற்றி எழுதத் தெரியாமல் பதவி உயர்வை எழுதி வைத்திருக்கிறார் அண்ணா. அவருடைய மனம் நோகாமல் நான் எப்படி இதைச் சொல்வது? மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

இப்படிக்கு,
ஒரு மகள், வெள்ளவத்தை

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது அண்ணா, நினைவு மலர், மாணவர்கள், தங்கச்சி, கரும்பலகை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவை பொய்யான நோக்கள் இல்லை. மூன்று வருடம் ஒருவரைத் தூக்கி இருத்திக் கழுவித் துடைத்தவருக்கு ஒரு வரி கிடைத்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் இரண்டாம் தரம் படித்தபோது நான் ஒரே இடத்தில்தான் நின்றேன். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்து போன இடம் அது.

அப்பாவின் கடைசி மூச்சின்போது அந்த வீட்டில் இருந்தது உங்கள் மகன் ஒருவன்தான். இந்த விஷயத்துக்கு நீங்கள் கொடுத்த இடம், தங்கச்சியின் கணவர் குறட்டை விட்ட கதைக்குக் கொடுத்த அளவுதான். அவன் பாடிக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கும் உங்களுக்குத் தெரியாது. ஊகித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு வருடம் ஆகப்போகிறது, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள், அவனிடம் இதைக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவனைப் பற்றி.

நான் அவனோடு கதைத்ததில்லை, ஆகவே உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மரியாதையீனம் என்று எழுதியவற்றை வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள். எந்நேரமும் காதை மூடிக்கொண்டிருக்கிறான். இன்னொருவரின் குறட்டைச் சத்தம் கேட்ட வீட்டில் அவனால் படுத்திருக்க முடியவில்லை. அந்த நேரத்தில் பாடிய தேவாரத்தை அதன் பிறகு பாட முடியவில்லை. மரணத் தறுவாயில் சேடம் இழுப்பதை நீங்கள் உங்கள் அம்மாவிடமோ வேறு யாரிடமோ கேட்டிருப்பீர்கள். விழுங்கும் சக்தி போனபின் தொண்டையில் தேங்கும் சளியும் உமிழ்நீரும் மூச்சோடு அசைவதால் வரும் சத்தம் அது. அதோடு மூச்சு சில விநாடி நின்று நின்று வரும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது பெரிதாக இழுத்துக்கொண்டு மறுபடி வரும். போகிறவருக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை, நினைவு அதற்குக் கீழே எங்கோ போயிருக்கும். வேதனை பக்கத்தில் இருந்து கேட்பவருக்குத்தான். பெரியவர்களுக்கே முன்கூட்டிச் சொல்லி வைக்கவேண்டிய விஷயம் இது. உங்கள் மகனுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? அவன் அதைத் தனியே கேட்டுக்கொண்டு இருந்திருந்தால், காதில் இயர்போன் ஏன் என்பது எனக்கு அவ்வளவு புதிராகப் படவில்லை.

அந்த நேரத்தில் அவன் செய்ததைப் பாருங்கள். ஓடவில்லை. அறையை விட்டு வெளியே வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டான். எதை எடுத்தான்? அப்பரைப் பல்லவ அரசன் சுண்ணாம்பு நீற்றறைக்குள் அடைத்தபோது பாடியது என்று மரபில் சொல்லப்படும் பதிகத்தை. அந்தக் கதையைச் சொல்லாமல் உங்கள் அப்பா அதைப் பாடம் ஆக்கியிருக்க மாட்டார். நெருப்புக்கு நடுவில் இருந்துகொண்டு தென்றலையும் மாலை மதியையும் பாடியவரின் வரிகள் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டிலருகே வாயில் வந்திருக்கின்றன. இதைவிட உங்கள் அப்பாவின் படிப்பித்தலுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும் சகோதரி? நாலு பக்க மலரில் எந்த டொக்டரும் என்ஜினியரும் இதற்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். நன்றி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நன்றியை அவன் அன்றைக்கே செலுத்திவிட்டான். இனி அதை மைக்கின் முன்னால், கல்யாணத்துக்கு வருவதுபோல் உடுத்து வந்த சனத்துக்கு நடுவில் மறுபடி செய்து காட்டு என்று கேட்கிறோம். அவனுக்கு அது தேவாரம் பாடுவதா, அல்லது அந்த அறைக்குள் திரும்பிப் போவதா என்று யோசியுங்கள்.

அவன் அறிய வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது, பொருத்தமான வேளையில் நீங்கள் சொல்லலாம். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு, கூப்பிட்டாலும் அசையாத நிலையில் இருந்த நோயாளர்கள் சிலரின் மூளை, ஒலிகளுக்கு, நல்ல நினைவோடு இருக்கும் மனிதர்களின் மூளையைப் போலவே பதில் காட்டியதை அதில் பதிவு செய்திருந்தார்கள். கேட்டது விளங்கியதா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் அம்மப்பாவுக்குக் கேட்டிருக்கலாம் என்று அவனிடம் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

இனி நீங்கள். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் அந்தக் கட்டிலை விட்டு அகலாமல் இருந்தீர்கள். ஒரு சின்னப் பொழுது கீழே இறங்கினீர்கள், அதற்குள் அவர் போய்விட்டார். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் வருத்தம் இல்லை. இவ்வளவு பாசமுள்ள மகளின் கடிதத்தில் அது இல்லாமல் இருப்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்த வருத்தம் வேறு உருவங்களில் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். “ஒரே ஒரு வரிதானா” என்ற கேள்வியை நீங்கள் அண்ணாவிடம் கேட்கிறீர்கள், ஆனால் அதில் பாதி, கடைசியில் எனக்கு அந்த ஒரு நிமிடம்கூட இல்லையா என்று வேறு எங்கோ கேட்பது. உங்களுக்குக் கிடைக்கவேண்டியிருந்த இடம் மகனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் மேல் உள்ள கோபத்தில் அதுவும் ஒரு துளி கலந்திருக்கலாம். இது பாவமும் இல்லை, வெட்கப்படவேண்டியதும் இல்லை, துக்கத்துக்குள் இப்படி எல்லாம் இருக்கும். ஆனால் அதனால்தான் அவனிடம் கேட்க முடியாமல் இருக்கிறது. கேட்டால், நீங்கள் இல்லாத அந்தப் பொழுது எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும்.

மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் தாதியர் உலகம் முழுக்கச் சொல்லும் ஒன்று உண்டு. நாட்கணக்கில் பக்கத்தில் இருந்த மகளோ மனைவியோ தேத்தண்ணி குடிக்க எழுந்து போன அந்த இடைவெளியில் உயிர் பிரிவதை அவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். காரணம் இதுதான் என்று யாரும் நிறுவியதில்லை. நீங்கள் போனதால் அவர் போகவில்லை, நீங்கள் இருந்திருந்தால் நின்றிருக்கவும் மாட்டார். பாமஸிக்குப் போனதும் அவருக்காகத்தானே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். “அம்மப்பா உன்னை நினைச்சு வெட்கப்படுவார்” என்று சொன்னது சரியில்லை. கோபத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சரியில்லை. அப்பா பிழை போட மாட்டார், புள்ளிதான் வைப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அண்ணாவுக்கு அது தெரியவில்லையே என்ற கோபத்தோடு. அதே அப்பாவின் பெயரை எடுத்து மகனின் நெற்றியில் பெரிதாக ஒரு பிழை போட்டுவிட்டீர்கள். அவனும் தாளை மடித்து வைத்துவிட்டான். ஆயுள் முழுக்க ஒரு பிள்ளையையும் கூனிக் குறுக வைக்காத மனிதரை, அவர் இல்லாத வேளையில், சொந்தப் பேரனைக் கூனிக் குறுக வைக்கப் பயன்படுத்தக் கூடாது. நினைவு மலரில் பதவி உயர்வை எழுதிய அண்ணா அப்பாவைத் தவறவிட்டார் என்றால், இந்த வார்த்தையில் நீங்களும் கொஞ்சம் தவறவிட்டீர்கள்.

83இல் வீடும் சாமானும் எரிந்து முகாமில் வந்து விழுந்தவர், முதலில் பார்த்தது அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை. சைவப்பழம் என்று சொல்லக்கூடிய ஒருவர் தன் லாச்சிக்குள் பேரீச்சம்பழம் வைத்திருந்தார், இன்னொரு வீட்டுப் பிள்ளை பசியோடு நோன்பு திறக்கக் காத்திருக்கிறதே என்று. அவருடைய பக்தியும் படிப்பித்தலும் வேறு வேறாக இருந்ததாக உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு இடத்திலும் தெரியவில்லை. எதற்கும் முன்னால் எதிரே இருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அப்படிப்பட்டவரின் ஆட்டைத் திவசத்தில், மனம் இல்லாத ஒரு பிள்ளையை இழுத்து வந்து மேடையில் நிறுத்திப் பாடவைத்தால் அது யாருக்கான நினைவு? பந்திக்கு வந்தவர்களுக்கானது. அப்பாவுக்கானது அல்ல.

மகனிடம் கேளுங்கள். இந்தக் கிழமைக்குள் கேளுங்கள், திவசம் முடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். முகத்துக்கு நேரே இருத்தி வைத்து விசாரிக்க வேண்டாம். பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் மரைன் டிரைவ் பக்கம் நடக்கக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் நடந்துகொண்டு போகும்போது, ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லாதபோது, இந்த வயதுப் பையன்களுக்குப் பேச்சு இலகுவாக வரும். “அண்டைக்கு நான் இல்லாத நேரம் என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லுவியா? ஏலுமெண்டா மட்டும் சொல்லு” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். சொன்னால் இடையில் புகுந்து விளக்க வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் “நான் இருந்திருக்கவேண்டும்” என்று அவன் தோளில் சாய வேண்டாம், அவன் உடனே தன் கதையை நிறுத்திவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவான், அந்தக் கதை மறுபடி உள்ளே போய்விடும். வெட்கப்படுவார் என்று சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நேராக, ஒரு வசனத்தில்.

நித்திரை இல்லாமை, காதை மூடிக்கொண்டு இருப்பது, ஒதுங்கிப் போவது எல்லாம் ஒரு வருடமாகத் தொடர்கிறது என்றால் ஓ.எல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரிடம் கதையுங்கள், அல்லது ஒரு மனநல வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களும் எடுக்கலாம். உங்களுக்கும் நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே.

நினைவு மலரைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றும் இல்லை. எப்போதோ நாட்டை விட்டுப் போனவருக்குத் தெரிந்த அப்பாவை அவர் எழுதியிருக்கிறார். திகதியும் பதவியும்தான் தூரத்தில் இருப்பவருக்குக் கைக்கு எட்டும். போர்வையில் விரலால் கணக்குப் போட்டு உள்ளங்கையால் அழித்த அப்பாவை அவருக்குத் தெரியாது, நீங்கள் சொன்னதும் இல்லை போல் இருக்கிறது. அவர் எழுதியதைத் திருத்தப் போகாதீர்கள். ஒரு பக்கம் நீங்கள் எழுதுங்கள். செங்கல் துண்டு, பேரீச்சம்பழம், சின்னப் புள்ளி, போர்வை எல்லாம் எனக்கு எழுதிய அதே விதத்தில் அங்கே வரட்டும். உங்கள் பெயரைப் போடுங்கள், பெயர் தேவையில்லை என்று சொல்ல வேண்டாம். கரும்பலகையை இப்போது யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று அண்ணாவிடம் சாதாரணமாகச் சொன்னால் போதும், அவர் கேட்காமல் விட்டது யோசிக்காததால்தான், வேறு காரணத்தால் இல்லை. சனிக்கிழமைகளை மாணவர்கள் எடுத்துக்கொண்டது பற்றிய மனத்தாங்கல் நியாயமானது, அதைத் தங்கச்சியோடு கதையுங்கள். அந்த வீட்டில் வளர்ந்த அவளுக்கும் அது இருக்கும்.

அப்புறம், மேடையில் தேவாரம் யார் பாடுவது என்று அண்ணா கேட்பார். சைவசமயப் பரீட்சையில் பரிசு எடுத்த இன்னொருவர் அந்த வீட்டில் இருக்கிறார், அவருக்கும் சொல்லிக்கொடுத்தது அதே அப்பாதான். “தம்பி பாடமாட்டான், நான் பாடுறன்” என்று அண்ணாவுக்கு இன்றைக்கே ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுங்கள். ஏன் என்று கேட்டால், பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மகன் சம்மதிக்காமல் அந்தக் காரணத்தை யாருக்கும் சொல்லவேண்டாம், அண்ணாவுக்கும் கூட.